தெரியாமல் இருப்பது பொறுமையாகுமா?

ஒரு மனிதன் தனக்குத் தெரியாத காரியத்துக்குப் பொறுப்பாளி ஆவானா? இந்தக் கேள்வியை நம் சகோதரர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் பெரிய படிப்பாளி அல்லன். மதரசாவிலும் ஆரம்பப் பள்ளிக்கூடத்திலும் படித்ததோடு சரி. மீதியைக் கடைதான் கற்றுக்கொடுத்தது. ஆயினும் இது படிப்பாளிகள் மட்டுமே தீர்க்க வேண்டிய கேள்வி அல்ல. கடை வைத்து நடத்துகிற எவரும் இதற்குத் தினந்தோறும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

வந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் அடுக்கி வைத்தோம். மூன்று மாதம் கழித்துப் பிரித்தால் பருப்பிலே வண்டு. அனுப்பியவரிடம் போய், "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? "தெரியாது என்பது உண்மைதான், ஆனால் வந்த அன்றே பார்த்திருக்கலாமே" என்பார். நியாயம் அவர் பக்கம்தான். பார்க்க முடியாத ஒன்றைப் பார்க்காமல் விட்டால் அது குற்றமல்ல. பார்க்க முடிந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டு, "தெரியாது" என்று சொன்னால் அந்தச் சொல் நம்மைக் காப்பாற்றாது.

இதே நியாயத்தை, மூட்டைகளையெல்லாம் விட மேலான ஓர் அமானிதத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். நான் சொல்ல வருவது காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி. அவர்களுக்குக் கேட்கவில்லை என்பதை இரண்டு வயதிலும் மூன்று வயதிலும், சில சமயம் பள்ளிக்கூடம் சேர்த்த பிறகும் நாம் கண்டுபிடிப்பதைப் பற்றி.

பிறக்கும் 1,000 குழந்தைகளில் 1 முதல் 3 குழந்தைகள் வரை நிலையான செவிக் குறைவுடன் பிறக்கின்றன என்பது பல நாடுகளிலும் கண்ட கணக்கு. உலகம் முழுவதிலும் 3 கோடியே 40 லட்சம் பிள்ளைகள் கவனிப்புத் தேவைப்படும் அளவுக்குச் செவிக் குறைவு உள்ளவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் அபூர்வம் அல்ல. நம் சங்கத்துச் சந்தா வரிசையில் உள்ள குடும்பங்களை அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று விரித்துக்கொண்டே போனால் எங்கேனும் ஓர் இடத்தில் இந்தக் குழந்தை இருக்கும்.

கண் தெரியாத குழந்தையைத் தாய் சில வாரங்களிலேயே கண்டுகொள்வாள். காது கேளாத குழந்தை அப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அது அழுகிறது, சிரிக்கிறது, முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே "ஊ, ஆ" என்று குரல் கொடுக்கவும் செய்கிறது. உம்மா அறைக்குள் வந்தால் காற்று அசைகிறது, நிழல் விழுகிறது, கட்டில் லேசாக அதிர்கிறது. குழந்தை திரும்பிப் பார்க்கிறது. நாமோ "குரல் கேட்டுத் திரும்பியது" என்று மகிழ்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் குழந்தையின் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பதுண்டு. அந்தச் சோதனையும் பெரும்பாலும் ஏமாற்றிவிடும்.

அதிலும் பாதி கேட்டுப் பாதி கேளாத பிள்ளைதான் எல்லோரையும் ஏமாற்றுவது. நம் கடைக்கு வாடிக்கையாக வரும் ஓர் அம்மையார். கூடவே ஒரு சிறு பையன். ஒருநாள் அலமாரியிலிருந்து பால்மாவு டின் ஒன்று கீழே விழுந்தது. பையன் சட்டென்று திரும்பினான். "பார்த்தீர்களா பாய், காது நன்றாகத்தான் கேட்கிறது. பேசத்தான் பிடிவாதம்" என்றார் அந்த அம்மையார். அவன் சேர்ந்திருந்த பாலர் பள்ளியிலும் சொன்ன பேச்சுக் கேளாத பிள்ளை என்றே சொல்லியிருந்தார்கள். ஐந்து வயது நெருங்கும்போதுதான் முறையாகச் சோதித்தார்கள். கனத்த ஓசைகள் அவனுக்குக் கேட்டன. டின் விழுந்தது கேட்டது. கதவு அடிப்பது கேட்டது. ஆனால் பேச்சிலே உள்ள மெல்லிய ஓசைகள், 'ச', 'ஸ', 'ஷ' போன்றவை, அவன் காதில் விழவே இல்லை. மனிதர்கள் பேசுவது அவனுக்குப் பாதி எழுத்து அழிந்துபோன கடிதம் மாதிரி இருந்திருக்கிறது. பிறகு ஒருநாள் அந்த அம்மையார் கல்லாப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னார்: "கூப்பிட்டால் வரவில்லை என்று எத்தனை தடவை அடித்திருப்பேன், பாய்." இதற்கு என்ன பதில் சொல்வது?

நம் தமிழிலே "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று ஒரு பழமொழி வழங்குகிறது. புத்தி சொன்னாலும் ஏறாதவனைக் குறித்துச் சொல்வது. கேளாமை என்பது ஒரு குணக்கேடு என்ற நினைப்பு அந்தப் பேச்சில் ஒளிந்திருக்கிறது. "ஊமை" என்ற சொல்லும் அப்படித்தான். தொண்டையிலோ நாவிலோ குறை இருப்பதாக அது நம்மை நினைக்க வைக்கிறது. பெரும்பாலோருக்குத் தொண்டையிலும் குறையில்லை, நாவிலும் குறையில்லை. காதில் விழாத மொழி வாயில் வருவதில்லை, அவ்வளவுதான். மதரசாவில் உஸ்தாதின் வாயைப் பார்த்தபடியே ஓதி, உஸ்தாத் முகத்தைத் திருப்பியதும் தடுமாறி, "மக்கு" என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் காதில்தான் குறையோ!

இங்கே தாமதம் என்பது எதைத் தாமதப்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். காதை மட்டும் அன்று. மொழியை. குழந்தை கருவில் ஆறாம் மாதமளவிலேயே ஓசை கேட்கத் தொடங்குகிறது. பிறந்த பின் ஓராண்டு கேட்டுக் கேட்டுச் சேர்த்த பிறகுதான் முதல் சொல் வருகிறது. வாங்கிப் போடாமல் விற்க முடியாது என்பது நமக்குத் தெரியாததா? இப்படி வாங்கிச் சேர்ப்பதற்கென்று மூளைக்கு ஒரு காலம் உண்டு. அந்தச் சில ஆண்டுகள் கடந்தால் வாசல் ஒரேயடியாக அடைபடுவதில்லை என்றாலும், ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே போகிறது.

இதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து ஒரு சாட்சி. கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோ என்ற பேராசிரியையும் உடன் உழைத்தவர்களும் செவிக் குறைவுள்ள 150 பிள்ளைகளை ஆராய்ந்து 1998-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அவர்களில் 72 பேரின் குறை ஆறு மாதத்துக்குள் தெரியவந்தது. 78 பேருடையது அதற்குப் பின். ஆறு மாதத்துக்குள் தெரிந்து, உடனே கவனிப்பும் கிடைத்த பிள்ளைகள் மொழியிலே தெளிவாக முன்னே நின்றார்கள். குறை சிறிதா பெரிதா, குடும்பம் ஏழையா வசதியா என்பதையெல்லாம் தாண்டி அந்த வித்தியாசம் நின்றது. பணத்தால் வாங்க முடியாததை நேரம் வாங்கிக் கொடுத்தது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

மற்றொரு சாட்சி நிகராகுவா நாடு. அங்கே 1970-களின் கடைசியில் மானாகுவா நகரில் காது கேளாத பிள்ளைகளை முதன்முதலாகப் பெருந்தொகையாக ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். அதுவரை தனித்தனி வீடுகளில் ஏதோ கைச்சாடை காட்டிக் கிடந்த பிள்ளைகள், ஒன்றுகூடியதும் தங்களுக்குள்ளே ஒரு முழுமையான சைகை மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். உலகத்து மொழி அறிஞர்கள் வியந்து போய்ப் பார்த்தார்கள். அதிலே இன்னும் ஒன்றைக் கண்டார்கள். சிறு வயதில் வந்து சேர்ந்தவர்கள் அந்த மொழியைச் சரளமாகவும் நுட்பமாகவும் ஆண்டார்கள். பெரிய வயதில் வந்தவர்களுக்கு அந்த நுட்பம் முழுதாகக் கைவரவில்லை. ஆகவே வாய்ப்பேச்சானாலும் கைப்பேச்சானாலும் மொழி வேண்டும். அதுவும் காலத்தில் வேண்டும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். நம் பாட்டன்மார் காலத்தில் இதைத் தெரிந்துகொள்ள வழி இருந்ததா? இல்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஈவிங் தம்பதியர் 1944-இல் கைக்குழந்தைகளின் செவியைச் சோதிக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். குழந்தையின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் மெல்லிய ஓசை எழுப்பி, அது திரும்புகிறதா என்று பார்ப்பது அந்த முறை. குழந்தை உட்கார்ந்து தலையைத் திருப்பும் வயது வந்த பிறகே அதைச் செய்ய முடியும். நம் நாட்டில் 1954-இல் பினாங்கில் செவிப்புலன் இழந்த பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தபோது, பிறந்த குழந்தையைச் சோதிக்கும் கருவி உலகில் எந்த ஆஸ்பத்திரியிலும் புழக்கத்தில் இல்லை. ஆகவே அன்றைய பெற்றோர் தாமதமாகத் தெரிந்துகொண்டார்கள் என்றால் அவர்கள் மேல் குற்றமில்லை.

1978-இல் இலண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் ஓர் அதிசயத்தை வெளியிட்டார். நல்ல காது ஓசையை வாங்குவதோடு நிற்பதில்லை. உள்ளே போன ஓசைக்குப் பதிலாக மிக மெல்லிய எதிரொலி ஒன்றைத் தானே திருப்பி அனுப்புகிறது என்பதே அது. நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உட்செவியில் ஆயிரக்கணக்கான நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. அவை நலமாக இருந்தால் எதிரொலி வரும், கெட்டிருந்தால் வராது. இந்த உண்மையை வைத்துக் கருவி செய்தார்கள். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைக்கிறார்கள். சில நிமிஷங்களில் பதில் கிடைக்கிறது. ஊசியில்லை, மருந்தில்லை, நோவில்லை. இன்னொரு சோதனையில் தலையில் சிறு ஒட்டுப் பட்டைகளை ஒட்டி, ஓசை நரம்பின் வழியே மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று பார்க்கிறார்கள். கடுமையான மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகளுக்கு இந்த இரண்டாவது சோதனை முக்கியம். ஏனெனில் அவர்களில் சிலருக்கு எதிரொலி நன்றாக வந்தாலும் நரம்பில் கோளாறு இருக்கலாம்.

இந்தச் சோதனை தூர தேசத்தில் மட்டும் கிடைப்பது என்று எண்ண வேண்டாம். கோலாலம்பூர் செராஸில், இன்று துவாங்கு முஹ்ரிஸ் பெயரால் வழங்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில், 2003-ஆம் ஆண்டே பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் செவிச் சோதனை செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாக் குழந்தைக்கும் அது தானாகவே நடந்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. பல இடங்களில் குறைமாதப் பிறப்பு, காமாலை, குடும்பத்தில் செவிக் குறைவு முதலிய காரணம் உள்ள குழந்தைகளையே முதலில் பார்க்கிறார்கள். செவிக் குறைவோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அப்படி ஒரு காரணமும் இருப்பதில்லை. சுகப் பிரசவம், நல்ல எடை, நல்ல குடும்பம். ஆனாலும் காது கேட்பதில்லை. ஆகவே பெற்றோர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மருத்துவர்கள் வைத்திருக்கும் கெடுவை மனத்தில் வைத்துக்கொள்வது சுலபம்: ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவான சோதனை, ஆறு மாதத்துக்குள் கவனிப்பு.

வழி பிறந்துவிட்டது என்றால் கடமையும் பிறந்துவிட்டது. பாட்டனுக்கு மன்னிப்பாக இருந்த அதே "தெரியாது" பேரனுக்கு மன்னிப்பாகாது. மூட்டையைப் பிரிக்கக் கத்தி இல்லாத காலம் ஒன்று. கத்தி கையில் இருக்கும் காலம் ஒன்று.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவனவற்றையும் நியாயமாகப் பார்ப்போம்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், சபூர் செய்ய வேண்டும், பிள்ளை மெதுவாகப் பேசும்" என்கிறார்கள். சபூர் உயர்ந்த குணம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எதன் மேல் சபூர்? ஒரு சோதனை வந்தது என்று தெரிந்த பிறகு, அதைத் தாங்கிக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்வது சபூர். வந்ததா இல்லையா என்று பார்க்க மறுப்பது சபூர் அல்ல, பயம். கடையை மூடும்போது பூட்டைப் பூட்டிவிட்டுத்தான் "அல்லாஹ் காவல்" என்கிறோம். திறந்து போட்டுவிட்டு அல்ல. இன்னும் ஒன்று: இந்தப் பொறுமையின் விலையைக் கொடுப்பது யார்? நாம் அல்ல, குழந்தை. பிறர் பணத்தில் தருமம் செய்வது தருமமாகாதது போல, பிள்ளையின் காலத்தைச் செலவு செய்து நாம் காட்டும் பொறுமையும் பொறுமையாகாது.

"பச்சைக் குழந்தையைச் சோதித்து, தாயை ஏன் கலங்க வைக்க வேண்டும்?" என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. முதற்சோதனையில் தேறாத குழந்தைகளில் பெரும்பாலோர் மறுசோதனையில் தேறிவிடுகிறார்கள். காதில் பிறப்பு ஈரம் தங்கியிருந்தாலும் முதல் தடவை தேறாமல் போகும். அந்தச் சில வாரங்கள் தாய் கலங்கத்தான் செய்வாள். ஆனால் சில வாரக் கலக்கத்தையும், ஐந்து வயதுப் பிள்ளையை அடித்ததை நினைத்து ஆயுள் முழுவதும் படும் துயரத்தையும் தராசின் இரு தட்டில் வைத்துப் பாருங்கள். முள் எந்தப் பக்கம் சாயும்?

"வெளியே தெரிந்தால் நாளைக்கு மூத்தவளுக்கு வரன் வருமா?" என்பது மூன்றாவது. இதை யாரும் கூட்டத்தில் சொல்வதில்லை, வீட்டுக்குள் சொல்கிறார்கள். பிறவிச் செவிக் குறைவில் பெரும்பகுதி மரபு வழியாக வருவது. 1997-இல் கண்டறிந்த 'கனெக்சின் 26' என்ற மரபணுக் கோளாறு அவற்றுள் முக்கியமானது. தாயும் தந்தையும் நன்றாகக் கேட்பவர்களாக இருந்தும், இருவரும் அந்தக் கோளாற்றை மறைவாகச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்குக் கேளாமை வரலாம். சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்யும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு அதிகம். நம்மிடையே அத்தகைய குடும்பங்கள் உண்டு என்பது இரகசியமல்ல. இதிலே யாருடைய பாவமும் இல்லை, யாருடைய கண்ணேறும் இல்லை. மறைப்பதால் மரபணு மறைவதில்லை. அடுத்த பிள்ளையைக் காலத்தில் சோதிக்கும் வாய்ப்புத்தான் மறைகிறது.

நான்காவது மறுப்பு மரியாதையோடு கேட்க வேண்டியது. ஏனெனில் அது காது கேளாத பெரியவர்களே சொல்வது. "நாங்கள் நோயாளிகள் அல்லர். எங்களுக்குச் சைகை மொழி இருக்கிறது, வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. எங்களைச் சரிசெய்ய வேண்டிய பண்டமாக ஏன் பார்க்கிறீர்கள்?" என்கிறார்கள். நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியச் சைகை மொழியை ஏற்றிருக்கிறது. அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அவர்கள் சொல்வதும் விரைவில் தெரிந்துகொள்வதன் பக்கமே சாய்கிறது. செவிக் கருவி மாட்டுவதோ, உட்செவியில் கருவி பொருத்துவதோ, சைகை மொழி கற்பிப்பதோ, எந்த வழியில் போவதானாலும் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று முதலில் தெரிய வேண்டாமா? வழியைப் பற்றி வாதம் செய்யலாம். புறப்படாமல் இருப்பதற்கு வாதமே இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் உட்செவிக் கருவியைச் செலவின்றிப் பொருத்துகிறார்கள். அதற்கும் ஆறு வயதுக்குள் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். தாமதமாக வந்த பெற்றோர் எவ்வளவு அழுதாலும் வயது பின்னோக்கிப் போகாது.

வியாபாரிகளாகிய நமக்கென்றே ஒரு விசேஷக் கஷ்டமும் இருக்கிறது. நம்மில் பலருக்குக் கடை இங்கே, குடும்பம் ஊரில். பிள்ளை பிறந்த செய்தி கைப்பேசியில் வருகிறது. பிறகு மாதக்கணக்கில் பிள்ளையைப் பார்ப்பதும் அதே கைப்பேசியில்தான். திரையில் வாப்பாவின் முகம் தெரிந்ததும் பிள்ளை சிரிக்கிறது. நாம் பூரித்துப் போகிறோம். அது சிரித்தது முகத்துக்கா, குரலுக்கா? திரையில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பணம் அனுப்புகிற நாளில், "காதைச் சோதித்தார்களா? என்ன சொன்னார்கள்?" என்று இரண்டு கேள்வி கேட்க முடியும். ஊரிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்ல முடியும். முதற்சோதனையில் தேறிய பிள்ளைக்கும் பின்னால் மூளைக் காய்ச்சலாலோ வேறு காரணத்தாலோ செவி குறையலாம். ஆகவே ஒன்பது பத்து மாதமாகியும் "பப்பப்பா, மம்மம்மா" என்று அடுக்கிப் பேசவில்லை, ஒன்றரை வயதாகியும் சொல் வரவில்லை என்றால் மறுபடி கேட்க வேண்டும். "நம் குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்ற பதிலை ஒப்புக்கொள்ளக் கூடாது.

வள்ளுவர் "கேள்வி" என்று ஓர் அதிகாரமே வைத்துச் செவிவழி வரும் செல்வத்தை மற்றச் செல்வங்களுக்கு மேலாகப் பேசினார். நம் வழக்கத்திலோ பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில் பாங்கு சொல்லுகிறோம். இந்த உலகத்தில் நாம் பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் பொருள் ஓசை. அதை வாங்கிக்கொள்ள நாம் தேர்ந்தெடுத்த வாசல் காது. அந்தப் பாங்கு கேளாத குழந்தையின் காதிலும் சொல்லப்பட வேண்டியதே. அதன் பரக்கத்து காதின் வலிமையைப் பொறுத்ததல்ல. ஆயினும் கொடுத்த பொருள் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பதும் கொடுத்தவன் கடமை அல்லவா? சரக்கு அனுப்பினால் சேர்ந்ததற்குக் கையெழுத்துக் கேட்கிற நாம் இதை மட்டும் கேட்காமல் விடலாமா?

என்னுடைய யோசனை சிறியது. நம் சங்கத்து அங்கத்தினர் வீட்டில் பிள்ளை பிறந்து, முடி இறக்கிப் பெயர் வைக்கும் விருந்துக்குப் போகிறோம். ஆடு எத்தனை, பெயர் என்ன, யார் சாயல் என்றெல்லாம் விசாரிக்கிறோம். அதோடு "காது பார்த்தாகிவிட்டதா?" என்று ஒன்று சேர்த்துக் கேட்போம். ஒருவர் கேட்டால் சங்கடப்படுவார்கள். எல்லோரும் கேட்டால் வழக்கமாகிவிடும். வழக்கமாகிவிட்ட ஒன்றில் வெட்கம் இருக்காது. கிள்ளான் கடைத்தெருவில் இந்த வழக்கத்தை ஏற்படுத்த ஒரு காசும் செலவில்லை. செலவு செய்ய வேண்டிய குடும்பம் வந்தால், செவிக் கருவிக்கோ, கோலாலம்பூர் போய்வரும் செலவுக்கோ முடியாதவர்கள் வந்தால், அதைப் பற்றி அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம். பேசத் தெரியாத பிள்ளை தன் வழக்கைத் தானே கொண்டுவந்து சொல்லாது. அதற்காக அதன் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட நம்மில் யாருக்கும் உரிமை இல்லை.